நேவன்: சந்தை ஊர் டப்ளினுக்குப் போய்வருவோரின் ஊரான வரலாறு

நேவன், அயர்லாந்துக் குடியரசின் மீத் மாவட்டத் தலைநகர். டப்ளினுக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், பாயின் ஆறும் பிளாக்வாட்டர் ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 33,886 பேர் வாழ்ந்தனர். பல நூற்றாண்டுகள் கால்நடைச் சந்தைக்குப் பேர்போன ஊராக இருந்தது. கடந்த அரை நூற்றாண்டில் அது டப்ளினுக்கு வேலைக்குப் போய்த் திரும்புவோர் குடியிருக்கும் நகரமாகப் பெருகியது. ஐரிய மொழியில் இதன் பெயர் அன் உவாவ். 1922 முதல் 1971 வரை அதுவே அதிகாரபூர்வப் பெயராக இருந்தது. அதன்பின் ஊர் மக்களிடம் நின்று நிலைத்துவிட்ட நேவன் என்ற பெயரே மீண்டது. வட அயர்லாந்தின் ஆர்மா அருகிலுள்ள நேவன் கோட்டை என்னும் தொல்லியல் இடத்துக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை.

தோற்றமும் மதில் நகரும்

பாயின் பள்ளத்தாக்கு அயர்லாந்தின் மிகப் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. நேவனுக்குத் தெற்கே ஐரிய அரசர்களின் மரபோடு இணைத்துப் பேசப்படும் தாரா குன்று இருக்கிறது. ஆற்றின் போக்கிலே கிழக்கே சென்றால், சிலேன் ஊரைக் கடந்ததும், 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நியூகிரேஞ்ச் கல்லறைமேடு வருகிறது. ஆயினும் நேவன் ஊராக உருக்கொண்டது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த நார்மானியர்களால்தான். மீத் நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டிருந்த ஹியூ டி லேசி, நேவன் பகுதியை ஜோசலின் டி அங்குலோ என்பவருக்கு வழங்கினார். அவர் ஆறுகள் கூடுமிடத்தைக் காக்கும்படி ஒரு கோட்டை எழுப்பினார். அவர் வழிவந்தோர் நாங்கிள் என்ற பெயரில் பல தலைமுறைகள் இப்பகுதியில் செல்வாக்கோடு இருந்தனர்.

ஆங்கில ஆட்சியின் நேரடிப் பிடிக்குள் இருந்த பேல் என்னும் வட்டாரத்தின் விளிம்பில் நேவன் இருந்தது. அதனால் அதற்கு மதில் தேவைப்பட்டது. 1469-இல் நான்காம் எட்வர்டு மன்னரிடமிருந்து நகர உரிமைப் பட்டயம் கிடைத்தது. மதிலின் வாயில்கள் மறைந்துபோயின. ஆனால் அவற்றை நோக்கிச் சென்ற மூன்று தெருக்கள் இன்றும் நகரின் நடுப்பகுதியாக உள்ளன. டிரிம்கேட் தெரு, வாட்டர்கேட் தெரு, முன்பு டப்ளின்கேட் தெரு எனப்பட்ட லட்லோ தெரு ஆகிய மூன்றும் சந்தைச் சதுக்கத்தில் வந்து சேர்கின்றன. இடைக்காலத் தெருவமைப்பு இவ்வளவு தெளிவாக எஞ்சியிருப்பது நேவனுக்குப் பெருமை. கார்கள் நெருக்கும் இந்நாளில் அதே குறுகிய தெருக்கள் நகர நிர்வாகத்துக்குத் தீராத தலைவலியாகவும் இருக்கின்றன.

பாயின் ஆற்றின் மறுகரையிலுள்ள அத்லம்னி கோட்டை, 15ஆம் நூற்றாண்டுக் கோபுரமும் அதனோடு பின்னர் சேர்க்கப்பட்ட மாளிகையும் கொண்ட இடிபாடு. 1690-இல் பாயின் போரில் வென்ற வில்லியம் மன்னர் தன் வீட்டில் தங்கிவிடக் கூடாதென்று அதன் உரிமையாளரே தீ வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போர் நடந்த இடம் கிழக்கேயுள்ள டிராகெடா நகரை ஒட்டியது.

ஐரிய நாடாளுமன்றத்துக்கு இரு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை நேவனுக்கு இருந்தது. அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்த 1800ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது முடிவுக்கு வந்தது. ஊரில் பிறந்து உலகப் பெயர் பெற்றவர் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட். 1774-இல் நேவனில் பிறந்தார். தந்தை இங்குத் திருச்சபைக் குருவாகவும், 1792-இல் அயர்லாந்தின் வரைபடம் ஒன்றை வெளியிட்டவராகவும் அறியப்பட்டவர். காற்றின் வேகத்தை அதன் விளைவுகளைக் கொண்டு 0 முதல் 12 வரை தரம் பிரிக்கும் போஃபோர்ட் அளவுமுறையை மகன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். 1829 முதல் 1855 வரை பிரிட்டிஷ் கடற்படையின் கடல்வரைபடத் துறைக்குத் தலைமை வகித்தார். நகரின் மேல்நிலைப் பள்ளிகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

சந்தை, கால்வாய், ரயில்

மீத் மண்ணில் புல் செழித்து வளரும். மேற்கு அயர்லாந்தின் கற்பாங்கான நிலத்தில் பிறந்த கன்றுகள் இங்கே வந்து கொழுத்து, டப்ளின் அல்லது டிராகெடா துறைமுகம் வழியாகப் பிரிட்டனுக்குக் கப்பலேறின. இந்த வணிகத்தின் நடுவே நேவன் இருந்தது. சந்தை நாளில் மாடுகள் தெருக்களிலேயே நிறுத்தப்பட்டன. கடைக்காரர்கள் சன்னல்களுக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டனர். விற்பவரும் வாங்குபவரும் பிடிவாதமாக நிற்க, இடையில் ஒருவர் புகுந்து இருவர் கையையும் பிடித்து அறைந்து சேர்த்து விலையை முடித்துவைப்பார். விற்றவர் வாங்கியவருக்கு ஒரு சிறு தொகையை ‘அதிர்ஷ்டக் காசு’ என்று திருப்பிக் கொடுப்பது வழக்கம். அயர்லாந்து முழுவதும் இருந்த இந்தத் தெருச் சந்தை முறை, 1950-களில் விவசாயிகளின் கூட்டுறவு ஏல மையங்கள் பரவியபின் ஓய்ந்தது. கொட்டிலும் தராசும் ஏலமேடையும் கொண்ட மையத்தில் விலை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்பட்டதால், சிறு விவசாயிக்கு அது நன்மையே செய்தது.

ஆற்று நீரால் சுழன்ற ஆலைகள் மாவரைத்தன, ஆளிநார் நெய்தன, காகிதம் செய்தன. டிராகெடாவிலிருந்து 1748-இல் தொடங்கிய பாயின் நீர்வழிப் பணி 1800-இல் நேவனை எட்டியது. கால்வாய்க்குக் கிடைத்த காலம் குறுகியது. 1850-இல் டிராகெடாவிலிருந்தும் 1862-இல் டப்ளினிலிருந்தும் ரயில் வந்தது. பின்னர் ஓல்டுகாசிலுக்கும் கிங்ஸ்கோர்ட்டுக்கும் பாதைகள் பிரிந்து, நேவன் ஒரு சந்திப்பு நிலையமானது.

இதே காலத்தின் மறுபக்கம் கொடியது. 1842-இல் திறக்கப்பட்ட ஏழையர் விடுதி, மூன்றே ஆண்டுகளில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிரம்பி வழிந்தது. பஞ்சத்துக்குப் பின்னும் மக்கள் போய்க்கொண்டே இருந்தனர். பெரும் மேய்ச்சல் பண்ணைகளுக்கு ஆட்கள் அதிகம் தேவைப்படவில்லை. 1841-இல் 1,83,828 பேர் இருந்த மீத் மாவட்டத்தில் 1936-இல் 61,405 பேரே எஞ்சினர். பழைய எண்ணிக்கையை மாவட்டம் மீண்டும் தொட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேவனின் இன்றைய வளர்ச்சியை வெறும் நகரப் பெருக்கமாகப் பார்ப்பவர்கள், அது 170 ஆண்டுக் காலியிடத்தை நிரப்பிய வளர்ச்சியும்கூட என்பதைக் கவனிப்பதில்லை.

மாவட்டத்தின் பழைய தலைநகர் டிரிம். மாவட்ட மன்றங்களை உருவாக்கிய 1898ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து நிர்வாகம் நேவனுக்கு நகர்ந்தது. விடுதலைக்குப் பின், ஐரிய மொழி பேசும் மேற்குக் கரைக் குடும்பங்களுக்கு மீத்தின் பண்ணை நிலங்களைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தில் 1935-இல் ராகார்னும், 1937-இல் கிப்ஸ்டவுனும் உருவாயின. இரண்டும் நேவனுக்கு அருகிலுள்ளவை. 1967 முதல் ஐரிய மொழிப் பகுதிகளாக ஏற்கப்பட்டவை.

தொழிற்சாலைகளும் துத்தநாகமும்

இறக்குமதிக்கு வரி விதித்து உள்நாட்டுத் தொழிலைக் காத்த 1930-களுக்குப் பின், நேவன் அறைகலனுக்கும் கம்பளத்துக்கும் பெயர்பெற்றது. மரவேலைக் கைத்திறன் தலைமுறையாக இறங்கிய குடும்பங்கள் ஊரில் இருந்தன. அயர்லாந்து 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் வரிச்சுவர் நீங்கி, இத்தொழில்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வேலையிழந்த தொழிலாளர்களே கூடி நடத்திய கிரனாக் அறைகலன் கூட்டுறவு, அந்தச் சரிவுக்கு ஊர் காட்டிய எதிர்ப்பில் குறிப்பிடத்தக்கது.

சரிந்த இடத்தை நிரப்பியது சுரங்கம். 1970-இல் நகருக்கு மேற்கே நிலத்தடியில் பெரும் துத்தநாக, ஈயத் தாதுப் படிவம் கண்டறியப்பட்டது. தாரா சுரங்கம் 1977-இல் உற்பத்தியைத் தொடங்கி, ஐரோப்பாவின் மிகப்பெரிய துத்தநாகச் சுரங்கமாக வளர்ந்தது. படிவத்தின் ஒரு பகுதி புலா என்ற மற்றொரு நிறுவனத்தின் நிலத்துக்கடியில் இருந்ததால் எழுந்த வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன. தாரா, 1986-இல் பின்லாந்தின் அவுட்டோகும்பு நிறுவனத்துக்கும், பின்னர் சுவீடனின் போலிடன் நிறுவனத்துக்கும் கைமாறியது. தோண்டிய தாது அங்கேயே அரைத்துச் செறிவூட்டப்பட்டு, ரயிலில் டப்ளின் துறைமுகம் சென்று, நார்டிக் நாடுகளின் உருக்காலைகளுக்குக் கப்பலேறுகிறது. டிராகெடா ரயில்பாதையில் பயணிகள் சேவை 1958-இல் நின்றுபோனாலும், தண்டவாளம் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தச் சரக்கு வண்டிகளே.

நேவன் வெறும் உறங்குமிடமாக ஆகிவிடாமல் காத்ததில் சுரங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. நிலையான ஊதியமும் தொழிற்சங்கமும் பழகுநர் பயிற்சியும் ஊரிலேயே கிடைத்தன. ஆனால் உலகச் சந்தை விலையில் தொங்கும் வேலை அது. துத்தநாக விலைச் சரிவையும் மின்கட்டண உயர்வையும் காரணம் காட்டி 2023 ஜூலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது சுமார் 650 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பேச்சுவார்த்தைகளுக்குப் பின், குறைந்த ஆட்களோடு 2024-இன் இறுதியை ஒட்டிச் சுரங்கம் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

டப்ளினுக்குப் போய்வருவோர்

1990-களின் நடுவிலிருந்து 2007 வரை அயர்லாந்து கண்ட பொருளாதார ஏற்றத்தில் டப்ளின் வீட்டு விலை இளம் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் போனது. வாங்கக்கூடிய வீடு எங்கே கிடைக்கிறதோ அதுவரை சாலையில் போய்க்கொண்டே இருந்தார்கள்; பலருக்கு அந்த இடம் நேவனாக அமைந்தது. மக்கள்தொகை 2002-இல் 19,417, 2006-இல் 24,851, 2011-இல் 28,559, 2016-இல் 30,173 என ஏறியது. பாயின் ஆற்றுக்குத் தென்கிழக்கே ஜான்ஸ்டவுன், சில ஆண்டுகளில் வயலிலிருந்து தனக்கென வணிக வளாகம் கொண்ட புறநகராக மாறியது. சிறு முன்புறத் தோட்டமும் இரு கார் நிறுத்துமிடமும் உள்ள ஒரே அச்சு இரட்டை வீடுகள் வரிசையாக எழுந்தன. இரண்டாவது கார் அங்கே ஆடம்பரமல்ல. கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போகும் வீட்டில் அது அன்றாடத் தேவை.

இந்தப் பெருக்கம் ரயில் இல்லாமலே நடந்தது என்பதே நேவன் வரலாற்றின் மையமான செய்தி. டப்ளினோடு நேராக இணைத்த பாதையில் பயணிகள் சேவை 1947-இல் நின்றது. 1963-இல் பாதையே மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. அன்றைக்குச் சிறு சந்தை ஊரின் நட்டக் கணக்காகத் தெரிந்தது, நாற்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோரின் அன்றாட இழப்பாக மாறியது. டப்ளினுக்குச் செல்லும் பழைய என்3 சாலையில் ஊர் ஊராக நின்று நகர்ந்த வரிசையில் விடியுமுன்பே சேர்ந்துகொள்வது ஒரு தலைமுறையின் வாழ்க்கை முறையாயிற்று. பெற்றோர் புறப்படும் நேரத்துக்குள் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். திரும்பும்போது அது மூடுவதற்குள் வந்துசேர வேண்டும். புதுக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தார் அறிமுகமாக ஆண்டுகள் பிடித்ததற்கு மனிதரின் இயல்பைவிட இந்த நேரக்கணக்கே காரணம்.

நெரிசலைத் தீர்க்க வந்தது எம்3 சுங்க நெடுஞ்சாலை. அதன் தடம் தாரா குன்றுக்கும் ஸ்கிரீன் குன்றுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் சென்றதால் நாடளாவிய எதிர்ப்பு எழுந்தது. 2007-இல் அத்தடத்திலிருந்த லிஸ்மல்லின் என்னுமிடத்தில் மரத்தூண் வட்டங்களாலான பழங்காலச் சடங்கிடம் வெளிப்பட்டது. தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு, அகழ்ந்து ஆவணப்படுத்தப்பட்டபின் சாலை அதன்மேல் சென்றது. 2010 ஜூனில் நெடுஞ்சாலை திறந்தது. பயண நேரம் குறைந்தது உண்மை. ஆனால் தொன்மையான ஒரு நிலவெளிக்கு நேர்ந்த இழப்பை எந்த ஆவணமும் ஈடுசெய்யாது. தடத்தை மாற்றியிருக்க முடியும் என்ற வாதம் இன்றும் வலுவோடு நிற்கிறது.

அதே 2010-இன் செப்டம்பரில், டப்ளின்–நேவன் ரயில்பாதையை மீட்கும் திட்டத்தின் முதற்கட்டம் டன்பாயின் ஊரைத் தாண்டி எம்3 பார்க்வே நிலையம்வரை வந்து நின்றது. காரை அங்கே விட்டுவிட்டு ரயிலேறலாம் என்பது ஏற்பாடு. நேவன் வரையான இரண்டாம் கட்டம், 2008-இல் தொடங்கிய நிதி நெருக்கடியின் விளைவாக 2011-இல் தள்ளிவைக்கப்பட்டது. டப்ளின் பெரும்பகுதிக்கான 2022–2042 போக்குவரத்துத் திட்டத்தில் நேவன் பாதை மீண்டும் இடம்பெற்றுள்ளது. இதற்கிடையே டப்ளினுடனான பொதுப் போக்குவரத்துச் சுமையை என்எக்ஸ், 109 முதலிய பேருந்துத் தடங்களே தாங்குகின்றன.

கடை, பள்ளி, மருத்துவமனை

கென்னடி சாலையிலுள்ள நேவன் வணிக வளாகம் மீத் முழுவதற்கும் கடைவீதியாக விளங்குகிறது. டன்ஸ், பென்னிஸ் போன்ற அயர்லாந்தின் பெரிய கடைகள் அதில் உண்டு. அதன் வெற்றிக்கு டிரிம்கேட் தெருவின் பழைய குடும்பக் கடைகள் விலை கொடுத்தன. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்தபோது அயர்லாந்து புதிய உறுப்பு நாட்டவருக்கு உடனே வேலை உரிமை அளித்தது. போலந்து, லித்துவேனியக் குடும்பங்களின் வருகையால் காலியான சில கடைகளில் புதிய மளிகைகள் திறந்தன.

கல்வியில் ஊருக்கு நீண்ட மரபு உண்டு. 1802-இல் இங்கே நிறுவப்பட்ட புனித ஃபினியன் கல்லூரி 1908-இல் முல்லிங்காருக்கு மாறியது. புனித பேட்ரிக் பாடசாலை, லொரேட்டோ, மெர்சி துறவியர் தொடங்கிய பெண்கள் பள்ளிகள், ஐரிய மொழிவழித் தொடக்கப்பள்ளி ஆகியவை செயல்படுகின்றன. சமயச் சார்பற்ற பள்ளிகளும் சேர்ந்துள்ளன. வீடுகள் எழுந்த வேகத்தில் வகுப்பறைகள் எழவில்லை. தற்காலிகக் கூடங்களில் படித்து முடித்த மாணவர்கள், ஐரியப் புறநகர்கள் பலவற்றைப்போல, இங்கும் உண்டு.

மருத்துவமனையைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கூர்மையானது. எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு வடகிழக்கு வட்டாரத்தில் பெயர்பெற்ற எங்கள் அன்னை மருத்துவமனையின் அவசரப் பிரிவைக் குறைத்து, கடும் நோயாளிகளை டிராகெடாவுக்கு அனுப்ப நாட்டுச் சுகாதார நிர்வாகம் பலமுறை முயன்றுள்ளது. சிறிய பிரிவில் தீவிர நோயாளிகளைப் பாதுகாப்பாகப் பார்க்க இயலாது என்பது அதன் வாதம். டிராகெடாவே நிரம்பி வழிகிறது, வளரும் மாவட்டத்தில் இருப்பதையும் எடுப்பது தவறு என்பது மக்களின் மறுமொழி. 2010-இலும், 2022-இல் திட்டம் மீண்டும் அறிவிக்கப்பட்டபோதும் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. கட்சி வேறுபாடின்றி ஊர் ஒன்றுகூடும் பொருள் இது ஒன்றே என்று சொல்லலாம்.

2014 வரை நகருக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. அயர்லாந்து முழுவதும் நகர மன்றங்கள் கலைக்கப்பட்டபோது நேவனுடையதும் மறைந்து, மாவட்ட மன்றத்தின் கீழுள்ள ஒரு நகராட்சிப் பகுதியாயிற்று. மக்கள் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில் சொந்த நிர்வாகத்தை இழந்தது நேவனுக்கு நல்லதாக அமையவில்லை.

கலை, ஆட்டம், ஆற்றங்கரை

சால்ஸ்டிஸ் கலை மையம் 2000-களின் நடுப்பகுதியில் எழுந்தது. நாடக அரங்கும் ஓவியக் கூடங்களும் கொண்ட இதை வடிவமைத்தது, 2020-இல் பிரிட்ஸ்கர் கட்டடக்கலை விருது வென்ற இவோன் ஃபாரெல், ஷெல்லி மெக்னமாரா இருவரின் கிராஃப்டன் நிறுவனம். டப்ளினில் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணத்தக்க தரத்தில் ஒரு பொதுக் கட்டடத்தை மாவட்ட ஊர் பெற்றது பாராட்டத்தக்க முடிவு. திரை, மேடைத் துறைகளில் நேவனில் வளர்ந்தவர்கள் பலர்: டிராகெடாவில் பிறந்து இங்கே சிறுபருவத்தைக் கழித்த நடிகர் பியர்ஸ் பிராஸ்னன், நகைச்சுவைக் கலைஞர்கள் டிலன் மோரன், டாமி டியர்னன் ஆகியோர் அறியப்பட்ட பெயர்கள்.

மக்களின் பெரும்பற்று கேலிக் கால்பந்தின்மீது. பார்க் டால்டன் ஆட்டக்களமே மீத் அணியின் தாய்வீடு. மாவட்டம் 1949, 1954, 1967, 1987, 1988, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. கடைசி நான்கும் ஷான் பாய்லனின் பயிற்சியில் கிடைத்தவை. புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் ஊரோடு ஒட்ட முதல் வழியாக அமைந்தவை, நேவன் ஓ’மஹோனிஸ், சைமன்ஸ்டவுன் கேல்ஸ் போன்ற கழகங்களின் சிறுவர் அணிகள். அங்கே பயிற்சி தருபவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் ஊதியம் பெறாத ஊர்க்காரர்களே. நகருக்கு வடக்கே பிரவுட்ஸ்டவுன் குதிரைப் பந்தயத் திடலில் நவம்பரில் டிராய்டவுன் பந்தயம் நடக்கிறது. 1920-இல் பிரிட்டனின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்ற குதிரையின் பெயர் அது.

ஆறுகள் நெடுங்காலம் ஊருக்கு முதுகுப்புறமாகவே இருந்தன; ஆலைக் கழிவும் கடைகளின் பின்சுவரும் அவற்றை நோக்கியிருந்தன. பாயினில் தோல் போர்த்திய சிறு படகுகளில் சால்மன் வலை வீசும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. இன்று பழைய கால்வாயின் இழுவைப் பாதை, ராம்பார்ட்ஸ் என்ற பெயரில் நகரிலிருந்து ஸ்டாக்காலன் வரை நடைப்பாதையாகப் பயன்படுகிறது. கால்வாயின் பகுதிகளைத் தன்னார்வலர்கள் சீரமைத்து வருகின்றனர். பிளாக்வாட்டர் பூங்கா குடும்பங்கள் கூடும் இடம். 2001-க்குப் பின் வண்டி ஓடாத கிங்ஸ்கோர்ட் ரயில்பாதை, 30 கி.மீ. நீளப் பசுமைவழியாக மாற்றப்பட்டு 2024-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நேவனிலிருந்து புறப்பட்டு நாபர் முதலிய ஊர்கள் வழியே கேவன் மாவட்டம் வரை, கார் பயமின்றி நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் அது வழி தருகிறது.